ஒரு ஹெட்ஃபோனும் பல செவிகளும்

ஹெட்ஃபோன் ஒன்று போதுமா, பல வேண்டுமா என்னும் வினா இசை நாட்டமுடைய நண்பர்களிடையே அவ்வப்போது எழுவதுண்டு. வீட்டில் கேட்க ஒன்று, பயணத்திற்கு ஒன்று, இரவில் பிறர் உறக்கம் கெடாதிருக்க ஒன்று என அடுக்குவோர் ஒருபுறம். பல்லாண்டுகளுக்கு முன் வாங்கிய ஒன்றையே காது மெத்தையை மட்டும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவோர் மறுபுறம். இதற்குப் பணத்தைக் கொண்டு விடை காண்பதே பெரும்பாலோர் வழக்கம். நாம் வரலாற்றைக் கொண்டு காண முயல்வோம். ஏனெனில் இக்கருவி தோன்றிய காலத்தில் வினாவே தலைகீழாக இருந்தது. ஒருவருக்கு எத்தனை ஹெட்ஃபோன் என்று அன்று எவரும் கேட்கவில்லை. ஒரு ஹெட்ஃபோனுக்கு எத்தனை பேர் என்பதே பேச்சு.

தொலைபேசியின் செவிப்பகுதியைக் காதில் வைத்து இசை கேட்கலாம் என்பது 1881ஆம் ஆண்டிலேயே மெய்ப்பிக்கப்பட்டது. அவ்வாண்டு பாரிசில் நடந்த மின்சாரக் கண்காட்சியில் கிளெமான் அதேர் என்னும் பொறியாளர், ஓபெரா அரங்கின் மேடையில் ஒலிவாங்கிகளை நிறுவி, அவற்றின் கம்பிகளைக் கண்காட்சி மண்டபத்திற்குக் கொணர்ந்தார். வந்தோர் ஒவ்வொரு கையிலும் ஒரு செவிப்பகுதியை ஏந்திக் காதோடு பொருத்திக் கேட்டனர். இடக்காதுக்கும் வலக்காதுக்கும் வெவ்வேறு ஒலிவாங்கிகள் இருந்தமையால் பாடகர் மேடையில் நகர்வதுகூடப் புலப்பட்டது. பின்னாளில் ஸ்டீரியோ என்று பெயர் பெற்றதன் முதற்கரு இதுவே எனலாம். 1890 முதல் தெயாத்ரோஃபோன் என்ற பெயரில் இது வணிகமாயிற்று. விடுதிகளிலும் காப்பிக் கடைகளிலும் காசு போட்டால் சில நிமிடங்கள் கேட்கலாம். நேரம் முடிந்ததும் அடுத்தவர் எடுத்துக்கொள்வார். இலண்டனில் 1895 முதல் 1925 வரை இயங்கிய எலெக்ட்ரோஃபோனும் இத்தகையதே. கருவி நிறுவனத்தினுடையது, கேட்பவருக்கு உரியது நேரம் மட்டுமே.

தலையில் மாட்டிக்கொள்ளும் வடிவத்தை நிலைபெறச் செய்தவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியேல் பால்ட்வின். 1910இல் அவர் தம் கருவியின் மாதிரியை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். சோதித்தவர்கள் வியந்து மேலும் கேட்டபோது, ஒரு வேளைக்குப் பத்துக்கு மேல் செய்ய இயலாது என்று பால்ட்வின் தெரிவித்தார். காரணம், அவருடைய தொழிற்சாலை அவர் வீட்டுச் சமையலறை! கடற்படையின் கம்பியில்லாத் தந்தி அலுவலர்களுக்கு அது அரும்பொருளாயிற்று. மங்கிய புள்ளி-கோட்டு ஒலியைப் பிரித்தறிய வேண்டிய செவிக்கு அது வேலைக்கருவி. கேளிக்கைப் பொருள் அன்று.

ஈண்டு மொழிபற்றி ஒரு சொல். ஆங்கிலத்தார் இக்கருவியைப் பன்மையிலேயே வழங்குவர். ஒரு சோடி என்பர். நாமோ ‘ஒரு ஹெட்ஃபோன்’ என்று ஒருமையில் சொல்லி அமைகிறோம். காதணி, வளையல் ஆகியவற்றைச் சோடியாகவே எண்ணுகின்ற நாம், இதனை மட்டும் ஒன்றாகக் கருதுவானேன்? நம் கைக்கு அது வந்து சேர்ந்த காலத்தில் பிரிக்க முடியாத ஒரே பொருளாகிவிட்டிருந்தது என்பதே நாம் கருதும் காரணம். அதற்கு முந்தைய தலைமுறையினர் அதனை உண்மையிலேயே பிரித்தார்கள்.

பி.பி.சி. 1922 நவம்பரில் ஒலிபரப்பைத் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் பிரித்தானிய எளிய குடும்பங்கள் பல கேட்டது படிக வானொலியில். அதற்கு மின்கலமும் இல்லை, மின் இணைப்பும் இல்லை. வானிலிருந்து ஏரியலில் வந்து விழும் அலையின் ஆற்றல் எவ்வளவோ அவ்வளவே ஒலி. அந்த ஆற்றல் ஒலிபெருக்கியை இயக்கப் போதாது. ஹெட்ஃபோனில்தான் கேட்டாக வேண்டும். வீட்டில் ஐவர் இருப்பர், ஹெட்ஃபோன் ஒன்று. ஆகவே தலைப்பட்டையிலிருந்து செவிப்பகுதிகளைக் கழற்றி ஆளுக்கொரு காதாகக் கேட்டனர். சிலர் அதனைப் பீங்கான் கிண்ணத்தில் இட்டு, கிண்ணத்தைச் சுற்றிக் குனிந்து அமர்ந்தனர். கிண்ணத்தின் வளைவு ஒலியைச் சற்றே திரட்டித் தந்தது.

இரண்டாவது ஹெட்ஃபோன் வாங்கினால் தீராதோ எனலாம். தீராது. வந்து சேரும் ஆற்றல் மிகச் சிறியது. இன்னொரு ஹெட்ஃபோனை இணைத்தால் அதனை இருவருக்கும் பங்கிட வேண்டியதுதான். முன்பு கேட்டவருக்கு ஒலி குறையும். ஒருவர் வந்து சேர்வதால் மற்றவர் இழப்பது எவ்வளவு என்பதைக் காதாலேயே அளந்தறிந்த காலம் அது. வால்வுகளும் ஒலிபெருக்கிகளும் மலிந்தபின் ஹெட்ஃபோன் வரவேற்பறையை விட்டு நீங்கியது. அடுத்த முப்பது ஆண்டுகள் பெரும்பாலும் தந்தி அலுவலர், தொலைபேசி இணைப்பகப் பெண்கள், விமானிகள், ஒலிப்பதிவாளர்கள் ஆகியோரின் தலையிலேயே அது தங்கியது.

அதனை இசைப்பிரியர்களிடம் மீட்டுக் கொணர்ந்த பெருமை அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து ஜான் காஸைச் சாரும். 1958இல் அந்நகரில் நடந்த ஒலிக்கருவிக் கண்காட்சியில் அவர் விற்க முன்வந்தது எடுத்துச் செல்லத்தக்க ஓர் இசைத்தட்டுப் பெட்டி. ஸ்டீரியோ ஒலியைக் காட்டுவதற்காக உடன்வைத்த துணைப்பொருளே ஹெட்ஃபோன். கூட்டம் பெட்டியை விட்டுவிட்டுத் துணைப்பொருளைக் கேட்டது. இது மூடிய வகை. காதைச் சுற்றி அடைத்துக்கொள்வது. பத்தாண்டு கழித்து, 1968இல், செருமனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்.டி. 414 என்ற திறந்த வகையை வெளியிட்டது. மஞ்சள் நிற நுரைமெத்தை வைத்த அது ஒரு கோடிக்கு மேல் விற்றது.

ஒருவருக்கு இரண்டு ஹெட்ஃபோன் தேவைப்படுவதற்கான முதல் நேர்மையான காரணம் இங்குதான் பிறக்கிறது. மூடிய வகை வெளியொலியைத் தடுக்கும். உள்ளொலியையும் வெளியே விடாது. ஆனால் ஒலி அச்சிறு குடுவைக்குள்ளேயே மோதித் திரும்புவதால், எல்லாம் தலைக்குள் நெருக்கியடித்து நிற்பது போன்ற உணர்வு தோன்றும். திறந்த வகையில் ஒலி பின்புறமும் தடையின்றிச் செல்லும். இசை விரிந்து கேட்கும். அருகில் இருப்பவருக்கும் கேட்கும். பாடகர் திறந்த வகையை அணிந்து பாடினால், அதில் ஒலிக்கும் பின்னணி இசை கசிந்து ஒலிவாங்கியில் பதிவாகிவிடும். பதிவு முடிந்து ஒலிகளைக் கலக்க அமரும் பொறியாளருக்கோ மூடிய வகை நெடுநேரம் ஒத்துவராது. ஒரே கருவி கதவாகவும் சாளரமாகவும் இருக்க இயலாது அல்லவா? செருமனியின் பெயர்டைனமிக் நிறுவனம் 1980களில் டி.டி. 770, 880, 990 என்று மூடியது, பாதி திறந்தது, முழுதும் திறந்தது என மூன்றை ஒரே குடும்பமாக நிறுத்தியது இதன் ஒப்புதலே.

ஆயினும், பல வேண்டும் என்போர் இச்சான்றோடு நிற்பதில்லை. இப்பாடலுக்கு இது, அப்பாடலுக்கு அது என்று வளர்ந்து, இசையைக் கேட்பதை விட்டு ஹெட்ஃபோனைக் கேட்கத் தொடங்குகின்றனர். ஒரே நூலின் பதிப்புகளை அலமாரியில் அடுக்கிவிட்டு நூலைப் படிக்காத புலவரை நாம் அறிவோம். அவருக்கு இவர் தம்பி.

ஒன்றே போதும் என்னும் கட்சிக்கு நாம் கண்டவற்றுள் வலிமையான சான்று ஜப்பானில் இருக்கிறது. சோனி நிறுவனமும் அதன் இசைப்பதிவுக் கூடமும் இணைந்து 1989இல் உருவாக்கிய எம்.டி.ஆர்.-சி.டி.900எஸ்.டி. என்னும் மூடிய வகை ஹெட்ஃபோன், அந்நாட்டு ஒலிப்பதிவுக் கூடங்களில் பொது அளவையாகவே நிலைபெற்றது. அதன் ஒலி இனிமையானது என்று எவரும் புகழ்வதில்லை. குறைகளைக் காட்டிக்கொடுப்பது என்றே சொல்வர். இசைக்கலைஞர் ஒரு கூடத்திலிருந்து மற்றொரு கூடத்திற்குச் சென்றாலும் காதில் மாட்டுவது அதே கருவியாக இருக்கும். ஆகவே இன்று கேட்ட ஒலி மாறுபட்டால், மாறியது பாட்டா கருவியா என்ற ஐயம் எழுவதில்லை. துணி அளக்கும் முழக்கோலைப் போல அது; கோல் ஒன்றாக இருப்பதில்தான் அளவே இருக்கிறது. இன்னொரு செய்தியும் உண்டு. தொழில்முறைக் கருவி என்பதால் அதற்கு நிறுவனத்தின் உத்தரவாதம் கிடையாது. ஆனால் மெத்தை, கம்பி, தலைப்பட்டை, ஒலிப்பான் என ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே விலைக்குக் கிடைக்கும். பழுதானதைக் கழற்றி மாற்றிக்கொண்டே போகலாம்.

மொழி ஆய்வகத்தில் மாணவர்க்கு லகர, ளகர, ழகர வேறுபாட்டை ஒலிநாடா கொண்டு பயிற்றும் எமக்கு இது வியப்பன்று. முப்பது இருக்கைகளிலும் ஒரே வகைக் கருவி இருந்தால்தான் பிழை மாணவருடையதா, கருவியினுடையதா என்று சொல்ல இயலும்.

தனிமனிதர் பக்கம் திரும்புவோம். சோனியின் முதல் வாக்மேன் 1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அத்துடன் தந்த ஹெட்ஃபோனின் எடை ஏறத்தாழ 50 கிராம். அந்த முதல் மாதிரியில் ஹெட்ஃபோன் செருகும் ஜாக் இரண்டு இருந்தன. கேட்டுக்கொண்டிருக்கும் இருவரும் பேசிக்கொள்ளத் தனியே ஒரு பொத்தானும் இருந்தது. ஒருவர் மட்டும் காதை மூடிக்கொண்டு கேட்பது மரியாதைக் குறைவாகப்படும் என்று நிறுவனத்தின் தலைவர் அகியோ மொரிட்டா அஞ்சியதே காரணம். வாங்கியவர்களோ தனியாகவே கேட்டார்கள். நாளடைவில் பொத்தானும் போயிற்று, இரண்டாம் ஜாக்கும் போயிற்று. கிண்ணத்தைச் சுற்றி அமர்ந்த குடும்பத்தின் கடைசி நிழல் அந்த ஜாக்கோடு மறைந்தது என்பது எம் கருத்து.

பயணத்திற்கென்று தனியாக ஒன்று என்ற வழக்கத்திற்கு அடிகோலியவர் அமர் போஸ். வங்கத்திலிருந்து அமெரிக்கா சென்ற விடுதலை வீரர் ஒருவரின் மகன். 1978இல் சூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குப் பறக்கையில், விமான இரைச்சலில் இசை கேட்க முடியாமல் போனதும், இரைச்சலுக்கு எதிரொலி எழுப்பி அதனை அழிக்கும் முறையை வானிலேயே கணக்கிடத் தொடங்கினார். 1989இல் விமானிகளுக்கும், 2000இல் பயணிகளுக்கும் அது கருவியாக வந்தது. நாள்தோறும் பேருந்திலும் இரயிலிலும் மணிக்கணக்கில் செல்வோருக்கு அது வீண்செலவு என்று நாம் சொல்ல மாட்டோம்.

எனவே மூடியது ஒன்று, திறந்தது ஒன்று, வேண்டுமாயின் பயணத்திற்கு ஒன்று. அதற்குமேல் வாங்குவோர் வேட்கை என்று ஒப்புக்கொண்டு வாங்கட்டும். தேவை என்று சொல்ல வேண்டா.

ஆனால் 2016இல் ஆப்பிள் நிறுவனம் ஐஃபோன் 7இலிருந்து ஜாக்கை நீக்கி, கம்பியில்லாத ஏர்பாட்ஸை வெளியிட்டபின், ‘ஒன்றையே வைத்திருப்பேன்’ என்பாரின் நிலை கடினமாயிற்று. அத்தகைய கருவிகளில் மின்கலம் உள்ளேயே ஒட்டி மூடப்பட்டிருக்கும். சில ஆண்டுகளில் அதன் வலு குறையும். மெத்தை மாற்றுவதுபோல் அதனை வீட்டிலேயே மாற்ற இயலாது. ஒலிப்பான் நன்றாக இருக்கும்போதே கருவி குப்பைக்குப் போகும். ஒன்றன்பின் ஒன்றாகப் பல வாங்குபவர், தாம் ஒன்றையே வைத்திருப்பதாக எண்ணிக்கொள்வார். கையடக்கக் கருவிகளின் மின்கலத்தைப் பயனரே கழற்றி மாற்றும்படி இருத்தல் வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒழுங்குமுறை இயற்றி, அவ்விதிக்கு 2027 பிப்ரவரி 18ஆம் நாளைக் குறித்தது.

இதற்கிடையே, ஒரே ஃபோனில் இருவர் தத்தம் ஏர்பாட்ஸில் ஒரே பாட்டைக் கேட்கும் வசதியை அதே நிறுவனம் 2019இல் சேர்த்தது. 2022இல் அறிவிக்கப்பட்ட ஆராகாஸ்ட் என்னும் புளூடூத் முறையில், ஓர் ஒலிமூலத்தை அருகிலுள்ள எத்தனை பேர் வேண்டுமானாலும் தத்தம் ஹெட்ஃபோனில் கேட்கலாம். ஒருவர் கூடுதலாக வந்து சேர்ந்தாலும் முன்பிருந்தவருக்கு ஒலி குறைவதில்லை.