டிரான்ஸ்பாண்டர்

செயற்கைக்கோளில் அமைந்து, பூமியிலிருந்து தன்னை வந்தடையும் மிக நலிந்த வானொலி அலையை ஏற்று, அதன் அதிர்வெண்ணை மாற்றி, பன்மடங்கு வலுவூட்டி, மீண்டும் பூமியை நோக்கி அனுப்பும் சாதனத் தொகுதிக்கு டிரான்ஸ்பாண்டர் என்று பெயர். தனியொரு பெட்டியைச் சுட்டிக்காட்டி இதுதான் அது என்று சொல்லிவிட இயலாது. ஏற்பியும் வடிகட்டியும் பெருக்கியுமாக ஒன்றன்பின் ஒன்றாய் நிற்கும் உறுப்புகளின் ஊடே, குறிப்பிட்டதோர் அலைக்கற்றைத் துண்டுக்கென வகுக்கப்பட்ட வழி முழுவதையுமே இச்சொல் குறிக்கிறது. முதலில் நிற்கும் ஏற்பி பல டிரான்ஸ்பாண்டர்களுக்குப் பொதுவாக இருப்பதே வழக்கம்.

சொல் செயற்கைக்கோளுக்கு முற்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, ராடார் திரையில் தெரியும் விமானம் நம்முடையதா பகைவனுடையதா என்று அறியும்பொருட்டு, தரையிலிருந்து சென்ற வினா அலைக்குத் தானாகவே விடையளிக்கும்படி விமானங்களில் பொருத்தப்பட்ட கருவிக்கு வழங்கிய பெயர் அது; விமானத் துறையில் இன்றும் அப்பொருளிலேயே வழங்கிவருகிறது. செயற்கைக்கோளிலுள்ள சாதனத்துக்கு வினாவும் இல்லை, விடையும் இல்லை; வந்த செய்தியை மாற்றாமல் அனுப்பிவைப்பதோடு அதன் கடமை முடிந்துவிடுகிறது.

1960 ஆகஸ்டில் அமெரிக்கா ஏவிய எக்கோ என்னும் செயற்கைக்கோள், டிரான்ஸ்பாண்டர் இல்லாத, உலோகப் பூச்சுப் பூசிய, ஏறத்தாழ 30 மீட்டர் விட்டமுள்ள பலூனே ஆகும். தன்மேல் பட்ட அலையை நாற்புறமும் சிதறடிப்பதைத் தவிர வேறு சக்தி அதற்கு இல்லாமையால், தரையிலுள்ள நிலையங்கள் பெருஞ்சக்தியோடு அனுப்பி அற்பசக்தியையே திரும்பப் பெற்றன. இக்குறை 1962 ஜூலை 10 அன்று ஏவப்பட்ட டெல்ஸ்டாரால் நீங்கியது. அதிலிருந்த ஒரே டிரான்ஸ்பாண்டர், சில வாட் அளவே வெளியிட்டபோதிலும், அட்லாண்டிக் மகாசமுத்திரத்தைத் தாண்டித் தொலைக்காட்சிப் படத்தைக் கொண்டு சேர்த்தது. 1965 ஏப்ரலில் புவிநிலைச் சுற்றுப்பாதைக்குச் சென்ற ‘ஏர்லி பேர்ட்’ இரண்டு டிரான்ஸ்பாண்டர்களை உடையதாய், 240 தொலைபேசி இணைப்புகளையோ அல்லது ஒரு தொலைக்காட்சி ஒளிபரப்பையோ தாங்கவல்லதாய் விளங்கிற்று.

வேலை நடக்கும் விதத்தை, நெடுங்காலம் பழகிவந்த சி-பேண்ட் அலைக்கற்றையைக் கொண்டு விளக்குவது எளிது. இதில் மேலே செல்லும் அலைகள் 5,925 முதல் 6,425 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், கீழே வருபவை 3,700 முதல் 4,200 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் அமையும். இரண்டுக்கும் இடையேயுள்ள வித்தியாசம் 2,225. ஆகவே 6,000 மெகாஹெர்ட்ஸில் ஏறிய அலை 3,775 மெகாஹெர்ட்ஸில் இறங்குகிறது. மாற்றாமல் அதே அதிர்வெண்ணில் திருப்பியனுப்பினால் என்ன என்று கேட்கலாம். கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கிக்கு எதிரே மைக்கைக் கொண்டுபோனவுடன் எழும் ஊளையே அதற்கு விடை: வெளியிடும் வலிய அலை, ஏற்கும் வாயிலுக்குள் புகுந்து, மெலிந்துவந்த அலையை மூழ்கடித்துவிடும். உயர்ந்த அதிர்வெண்ணை ஏறுவழிக்கு ஒதுக்கியதற்கும் காரணமுண்டு. அதிர்வெண் கூடக்கூட வழியில் நேரும் இழப்பும் கூடுகிறது. அந்த இழப்பை ஈடுசெய்ய மின்சாரம் தாராளமாய்க் கிடைப்பது தரையிலேயன்றி, சூரியத் தகடுகளை நம்பி வாழும் கோளில் அன்று.

வடிகட்டிகளைக் கடந்தபின் அலையைப் பெருக்கும் பொறுப்பு, பெரும்பாலும் டிராவலிங் வேவ் டியூப் என்னும் வெற்றிடக் குழாயைச் சார்ந்தது. அதனைப் போர்க்காலத்தில் இங்கிலாந்தில் கண்டுபிடித்த ருடால்ஃப் கோம்ப்னர், வியன்னாவில் கட்டிடக் கலை பயின்றவர் என்பது சுவாரஸ்யமான செய்தி. இக்குழாய் தன் உச்ச வரம்பில் வேலைசெய்யும்போது, ஒரே அலையை மட்டும் தாங்கினால் தொல்லையில்லை. பல அலைகள் ஒருங்கே நுழைந்தாலோ அவை ஒன்றோடொன்று கலந்து, வேண்டாத புதிய அலைகளைப் பிறப்பிக்கின்றன. ஆதலால் பலர் பங்கிட்டுக்கொள்ளும் டிரான்ஸ்பாண்டரை வரம்புக்குச் சற்றுக் கீழே தணித்தே இயக்குவார்கள். ஒருவர் தம் பங்குக்கு மேல் சக்தியைச் செலுத்தினால் மற்றவர் அனைவருடைய பங்கும் குறையும். 2018இல் ஏவப்பட்ட கத்தார் நாட்டின் எஸ்ஹெய்ல்-2 கோளில் அமெச்சூர் வானொலியினருக்கென அமைந்த டிரான்ஸ்பாண்டரில், மிகையான வலுவோடு அனுப்புகிறவரின் அலைமீது ஒரு சங்கொலியை ஏற்றி அவரை எச்சரிக்கும் ஏற்பாடே இருக்கிறது, நல்ல ஏற்பாடு.

சி-பேண்டில் கிடைக்கும் 500 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை, 40 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் பன்னிரண்டாகக் கூறுபோட்டு, ஒவ்வொரு கூற்றிலும் ஓரங்களை விட்டு 36 மெகாஹெர்ட்ஸைப் பயன்படுத்தும் முறை, 1971இல் ஏவப்பட்ட இன்டெல்சாட்-4 வரிசையின் முதற்கோளிலேயே காணப்படுகிறது. அலை அதிரும் திசையாகிய முனைவாக்கத்தில் கிடை, நிலை என்னும் இருவகையையும் பயன்படுத்தினால் பன்னிரண்டு இருபத்துநான்காகும். இந்த 36 மெகாஹெர்ட்ஸே நாளடைவில் வியாபார அளவையாகவும் ஆயிற்று. நிலத்தை ஏக்கர்க் கணக்கில் பேசுவதுபோல், கோளின் கொள்ளளவை இத்தனை டிரான்ஸ்பாண்டர் என்று பேசுவதும், முழுதாகவோ பகுதியாகவோ குத்தகைக்கு விடுவதும் இத்துறையில் நிலைபெற்றுவிட்டன. 1983இல் சாலஞ்சர் விண்வெளி ஓடத்திலிருந்து செலுத்தப்பட்ட இன்சாட்-1பி, பன்னிரண்டு சி-பேண்ட் டிரான்ஸ்பாண்டர்களும் இரண்டு எஸ்-பேண்ட் டிரான்ஸ்பாண்டர்களும் கொண்டு, இந்தியாவின் தொலைபேசிக்கும் தூர்தர்ஷனின் விஸ்தரிப்புக்கும் ஆதாரமாயிற்று. கொள்ளளவு மின்சக்தியைப் பொறுத்தது என்பதற்கு இன்சாட்-4பி சாட்சி: 2010 ஜூலையில் அதன் சூரியத் தகட்டு மின்வழியில் ஏற்பட்ட கோளாறினால், இருபத்துநான்கில் ஏறக்குறைய பாதி டிரான்ஸ்பாண்டர்களை நிறுத்திவைக்க நேர்ந்தது, உறுப்புகளில் பழுதில்லை, ஊட்டுவதற்குத்தான் மின்சாரம் போதவில்லை.

தான் சுமப்பது இன்னதென்று அறியாமலிருப்பதே இச்சாதனத்தின் பெருஞ்சிறப்பு என்று கருத இடமுண்டு. பேச்சோ படமோ கணினித் தரவோ எதுவாயினும் அதற்கு ஒன்றே. ஒரு தொலைக்காட்சி அலைவரிசைக்கே ஒரு டிரான்ஸ்பாண்டர் தேவைப்பட்ட காலம் போய், டிஜிட்டல் சுருக்கமுறை வந்தபின் அதே 36 மெகாஹெர்ட்ஸில் எட்டும் பத்தும் அதற்கு மேலும் அடங்கியதற்குக் கோளில் எதையும் மாற்றவேண்டியிருக்கவில்லை. மாறியவை தரையிலிருந்த கருவிகளே. வீட்டுக் கூரையில் டிஷ் பொருத்த வருகிறவர் செட்டாப் பெட்டியில் அதிர்வெண், முனைவாக்கம், சிம்பல் ரேட் ஆகிய மூன்றையும் பதிவு செய்கிறாரே, அவை ஒரு டிரான்ஸ்பாண்டரின் முகவரியன்றி வேறல்ல.

வந்த அலையைக் கோளிலேயே பிரித்துப் படித்து, பிழை களைந்து, உரிய திசைக்குப் புதிதாக அனுப்பும் மற்றொரு வகையும் உண்டு. இத்தாலியின் இடால்சாட் 1991லும், அமெரிக்காவின் ஏக்ட்ஸ் 1993லும் இம்முறையைச் சோதித்தன. இரிடியம் கோள்கள் அதைத் தொலைபேசிச் சேவைக்குக் கொண்டுவந்தன. ஏறுவழியில் சேர்ந்த இரைச்சல் இறங்குவழிக்குத் தொற்றாமல் போவது இதன் லாபம். ஏவிய பிறகு புதிய முறைகளுக்கு எளிதில் இடங்கொடாமை இதன் நஷ்டம். இத்தகைய கோள்களிலும், நூற்றுக்கணக்கான குறுங்கதிர்களாகப் பூமியைப் பங்கிட்டுக்கொள்ளும் இணையக் கோள்களிலும், கொள்ளளவை டிரான்ஸ்பாண்டர்க் கணக்கில் கூறுவது பொருந்தாமையால், விநாடிக்கு இத்தனை கிகாபிட் என்றே கூறுகின்றனர்.