எடைக்கல்லும் அளவுநாடாவும்

கொழுப்பு என்னும் சொல்லை நாம் இரு பொருளில் வழங்கி வருகிறோம். ஒன்று உடலில் சேர்வது. மற்றொன்று பேச்சில் வெளிப்படுவது. முதலாவதன் வரலாற்றை, குறிப்பாக அது உடலில் எங்கே தங்குகிறது என்னும் கேள்வியின் வரலாற்றை, இங்கே பார்க்கலாம். தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கக்கூடும். "ஆள் ஒல்லிதானே, அவருக்கா மாரடைப்பு?" துக்க வீடுகளில் இவ்வினாவை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம், நாமே எழுப்பியும் இருக்கிறோம். அதற்கான விடை இவ்வரலாற்றில்தான் கிடக்கிறது.

எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணக்கு பெல்ஜியத்தைச் சேர்ந்த கெத்தலே என்னும் புள்ளியியலாளருடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர் தேடியது நோயை அன்று, 'சராசரி மனிதனை'. அக்கணக்குக்கு 1972இல் உடல் நிறை குறியெண் எனப் பெயர் சூட்டிப் புகழ் சேர்த்தவர் அமெரிக்கரான ஏன்சல் கீஸ். உணவின் கொழுப்புக்கும் இதய நோய்க்கும் உள்ள உறவை ஏழு நாடுகளில் ஆராயும் பெரும்பணியை 1958இல் தொடங்கியவரும் இவரே. நாற்பது முதல் ஐம்பத்தொன்பது வயது வரையிலான 12,763 ஆண்கள் அதில் இடம்பெற்றனர். ஏழு நாடுகளுள் இந்தியா இல்லை. குறியெண்ணோ எவ்வளவு என்று சொல்லுமேயன்றி எங்கே என்று சொல்லாது.

எங்கே என்று கேட்டவர் பிரான்சின் மார்செய் நகர மருத்துவர் ழான் வாக். 1947இல் 'லா பிரஸ் மெடிகால்' இதழில் அவர் எழுதிய கட்டுரை, பருமனை இரு வகையாகப் பிரித்தது. உடலின் மேற்பகுதியில் சேர்வது ஆண்பாங்கு. இடுப்புக்குக் கீழே, தொடையில் சேர்வது பெண்பாங்கு. முதல் வகையினர், அவர் ஆணாயினும் பெண்ணாயினும், நீரிழிவுக்கும் தமனித் தடிப்புக்கும் ஆளாகிறார்கள் என்றார். 1956இல் அதையே ஆங்கிலத்தில் விரித்தெழுதினார். ஆயினும் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் அக்கருத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தியவர் இலர். கண்ணால் கண்டு சொன்ன மருத்துவரின் கூற்றைவிட எடைக்கருவியின் எண்ணே நம்பத் தகுந்ததாகத் தோன்றியிருக்க வேண்டும்.

வாக் சொன்னதற்குச் சான்று சுவீடனின் கோதன்பர்க்கிலிருந்து வந்தது. 1913இல் பிறந்த 792 ஆண்களின் இடையையும் இடுப்பையும், அவர்களுடைய 54ஆம் வயதில், நாடாவால் அளந்து வைத்திருந்தார்கள். பதின்மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, மாரடைப்பும் பக்கவாதமும் யாரைத் தாக்கின என்பதை உடல் நிறை குறியெண் காட்டவில்லை; இடைக்கும் இடுப்புக்கும் உள்ள விகிதம் காட்டியது. 1984இல் இம்முடிவு வெளியானது. அவ்வாண்டிலேயே 1,462 பெண்களைப் பற்றிய ஆய்வும் அதே திசையில் விரல் நீட்டியது. புகை, இரத்த அழுத்தம், கொலஸ்டிரால் ஆகியவற்றைக் கணக்கிலிருந்து நீக்கிய பின் ஆண்களிடம் அவ்வுறவு வலுவிழந்தது என்பதையும் அவ்வாய்வாளர்களே பதிவு செய்தார்கள். அந்த நேர்மையை நாம் இங்கே குறிப்பிட்டே ஆகவேண்டும்.

காரணம் பின்னரே துலங்கியது. எண்பதுகளில் ஜப்பானின் ஒசாகாவில் சி.டி. ஸ்கேன் கொண்டு வயிற்றுக்குள் நோக்கினார்கள். தோலுக்கடியில் உள்ள கொழுப்பு வேறு, குடலைச் சுற்றிப் படிவது வேறு என்பது படமாகவே தெரிந்தது. குடலைச் சுற்றியுள்ள கொழுப்பிலிருந்து கசியும் கொழுப்பமிலங்களில் ஒரு பகுதி கல்லீரலுக்கே நேராகச் செல்கிறது. கல்லீரல் கொழுத்தால் இரத்தத்தில் டிரைகிளிசரைடு ஏறுகிறது; இன்சுலின் தன் பணியில் தளர்கிறது. தொடைக் கொழுப்பைப் பூட்டிய களஞ்சியம் எனலாம். வயிற்றுக் கொழுப்பு வாசல் திறந்தே கிடக்கும் கிடங்கு.

உணவு இதில் எங்கே வருகிறது? சுவீடனின் உப்சாலாவில் 2014இல் வெளியான ஆய்வு ஒன்று சிறியது, ஆயினும் தெளிவானது. ஒல்லியான 39 இளைஞர்களுக்கு ஏழு வாரம் மஃபின் என்னும் சிறு கேக்குகளைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒரு சாராருக்குப் பாமாயிலில் செய்தது. மறுசாராருக்குச் சூரியகாந்தி எண்ணெயில் செய்தது. இரு சாராரும் ஏறக்குறைய ஒரே எடைதான் கூடினர். ஆனால் பாமாயில் உண்டவர்களிடம் கல்லீரலிலும் வயிற்றுக்குள்ளும் கொழுப்பு மிகுதியாகச் சேர்ந்திருந்தது. எடைக்கல்லுக்கு இவ்வேறுபாடு தெரியாது.

இனி நம் கதை. 1950 முதல் 1954 வரை சிங்கப்பூரில் நடந்த பிணப்பரிசோதனைப் பதிவுகளை டி.ஜே. தனராஜ் குழுவினர் ஆராய்ந்து 1959இல் கட்டுரை எழுதினார்கள். சீனரைக் காட்டிலும் இந்தியரிடம் இதயத் தமனி நோய் மிகுந்திருந்தது. அங்குள்ள இந்தியருள் தமிழரே பெரும்பான்மையினர் என்பதை மறக்க வேண்டாம். 1991இல் லண்டனில் மக்கீக் குழுவினர் தெற்காசியரை அளந்து, ஐரோப்பியரைவிட அவர்களின் இடை விகிதம் உயர்ந்திருப்பதைக் காட்டினர். 2004இல் 'லான்செட்' இதழில் புனேயின் யாக்னிக்கும் லண்டனின் யூட்கினும் தங்களையே எடுத்துக்காட்டாக்கினார்கள். இருவருக்கும் குறியெண் 22.3. உடற்கொழுப்போ யூட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு. 2005இல் 52 நாடுகளில் சுமார் 27,000 பேரை ஆராய்ந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு, மாரடைப்பைக் கணிக்கக் குறியெண்ணைவிட இடை-இடுப்பு விகிதமே மேல் என்றது. அவ்வாண்டில் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு தெற்காசிய ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என இடைக்கு வரம்பு வகுத்தது.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் பெரிதும் உண்ணும் அளவையும் செரிமானத்தையுமே பேசுகிறது. நாமோ அளவு என்றதும் எடையை நினைத்தோம். மெலிந்த கைகால்களைக் கண்டு நிம்மதியடைந்தோம். தொந்தியைச் செழிப்பின் அடையாளம் என்று செல்லமாகத் தட்டிக்கொடுத்தோம். துக்க வீட்டு வினாவுக்கு விடை இதுவாகத்தான் இருக்க முடியும்: இறந்தவர் ஒல்லி என்பதை நாம் அவர் தோளைப் பார்த்தே முடிவு செய்திருந்தோம். அவர் வேட்டி முடிச்சுக்கு மேலே நாம் நோக்கியதில்லை. தையற்காரரிடம் இருக்கும் அதே நாடாவை ஆண்டுக்கு ஒருமுறை நம் இடையில் சுற்றிப் பார்ப்பதற்குப் பெரும் படிப்பு ஒன்றும் தேவையில்லை.