மூலதன இருப்பு அளவீடு

ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு நாட்டிடம் உற்பத்திக்குப் பயன்படும் நிலையில் உள்ள கட்டடங்கள், சாலைகள், அணைகள், இயந்திரங்கள், மென்பொருள் முதலானவற்றின் மொத்த மதிப்பே மூலதன இருப்பு. ஓராண்டில் நாடு எவ்வளவு உற்பத்தி செய்தது என்பதை உள்நாட்டு உற்பத்திக் கணக்கு சொல்கிறது. அந்த உற்பத்திக்குக் கைகொடுத்த சாதனங்கள் பெருகினவா, தேய்ந்தனவா என்பதை அறிய மூலதன இருப்பைத்தான் பார்க்க வேண்டும். முன்னது காலாண்டுதோறும் தலைப்புச் செய்தியாகிறது. பின்னதற்கு அந்தக் கவனத்தில் பாதிகூடக் கிடைப்பதில்லை, இது பெரிய குறை.

எது சேரும், எது சேராது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். மைசூருவின் மேற்கே, நகர வளர்ச்சி ஆணையம் மனை பிரித்துப் பல கட்டங்களாக உருவாக்கிய விஜயநகரைப் பார்க்கலாம். அங்கே முப்பதுக்கு நாற்பது மனையில் ஒரு வீடு எழுந்தால், அஸ்திவாரம் முதல் வண்ணப்பூச்சு வரை ஆன கட்டுமானச் செலவு மூலதனத்தில் சேரும். மனைக்குக் கொடுத்த விலை சேராது. நிலம் உற்பத்தியான பொருளல்ல, கைமாறிய பொருள். மனை விலை பத்து மடங்கு ஏறினாலும் நிலை மூலதனம் ஒரு ரூபாய்கூடக் கூடாது. வாசலில் நிற்கும் சொந்தக் கார் நுகர்வுச் செலவு. அதே மாதிரிக் கார் வாடகைக்கு ஓடினால் மூலதனம். பீரோவில் உள்ள தங்கம் மதிப்புப் பொருள்கள் என்ற தனித் தலைப்பில் பதிவாகும். தெருவின் தார்ச்சாலையும் குடிநீர்க் குழாயும் மின்மாற்றியும் நிலை மூலதனமே.

இத்தனையையும் யாரும் ஆண்டுதோறும் தெருத்தெருவாக எண்ணுவதில்லை. அமெரிக்கப் பொருளியலாளர் ரேமண்ட் கோல்ட்ஸ்மித் 1951-ல் முன்வைத்த தொடர் இருப்பு முறையே இன்று உலகெங்கும் கையாளப்படுகிறது. முந்தைய ஆண்டின் நிகர இருப்போடு இவ்வாண்டின் முதலீட்டைக் கூட்டி, தேய்மானத்தைக் கழிப்பார்கள். இதற்கு நீண்டகால முதலீட்டு விவரமும், விலைக் குறியீடுகளும், ஒவ்வொரு சொத்தின் ஆயுள் பற்றிய அனுமானமும் வேண்டும்.

சிக்கலெல்லாம் அந்த ஆயுளில் இருக்கிறது. விஜயநகரிலிருந்து சிறிது தொலைவில் உள்ள கிருஷ்ணராஜ சாகர் அணையின் வேலை 1911-ல் தொடங்கியது. சிமென்டுக்குப் பதிலாகச் சுர்க்கிச் சாந்து வைத்துக் கட்டினார்கள். அன்றைய ரூபாயை இன்றைய ரூபாயோடு அப்படியே கூட்ட முடியாது. எல்லாவற்றையும் ஒரே ஆண்டின் விலைக்குக் கொண்டுவர வேண்டும். அடுத்து, அணைக்கு எத்தனை ஆண்டு ஆயுள் என்று வைப்பது? நூறு என்று வைத்தால் அதன் நிகர மதிப்பு ஏட்டில் பூச்சியத்தை நெருங்கியிருக்கும். மண்டியா வயல்களுக்கோ அதன் தண்ணீர் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. ஆயுள் அனுமானத்தைச் சற்று மாற்றினாலே நாட்டின் மொத்த இருப்பு கணிசமாக மாறிவிடும்.

இந்தியாவில் மூலதன இருப்பை அளக்கும் தேவை திட்டமிடலோடு வந்தது. 1949-ல் மகலனோபிஸ் தலைமையில், காட்கில், வி.கே.ஆர்.வி. ராவ் ஆகியோரை உறுப்பினர்களாகக் கொண்டு தேசிய வருமானக் குழு அமைந்தது. ஐந்தாண்டுத் திட்டங்களுக்கு மூலதன–உற்பத்தி விகிதம், அதாவது ஒரு ரூபாய் கூடுதல் உற்பத்திக்கு எத்தனை ரூபாய் முதலீடு என்ற கணக்கு, அடிப்படையாயிற்று. 1981 மார்ச் 31 நிலவரப்படியான மூலதன இருப்பு மதிப்பீட்டை மத்தியப் புள்ளியியல் அமைப்பு 1988-ல் வெளியிட்டது. இன்று தேசியப் புள்ளியியல் அலுவலகம் இதைத் தொழில்வாரியாகத் தருகிறது. ரிசர்வ் வங்கி வெளியிடும் கிளெம்ஸ் தரவுத்தொகுப்பு 27 தொழில் பிரிவுகளின் உற்பத்தித்திறனை அளக்க 1980-81 முதலான மூலதனத் தொடரைப் பயன்படுத்துகிறது.

தறியையும் டிராக்டரையும் மென்பொருளையும் ஒரே எண்ணாகக் கூட்ட முடியுமா என்ற கேள்வியை 1953-54-ல் எழுப்பியவர் கேம்பிரிட்ஜின் ஜோன் ராபின்சன். சொத்துகளின் விலையே இலாப விகிதத்தைச் சார்ந்திருக்கும்போது, அந்த விலைகளைக் கூட்டி வந்த மூலதனத்தைக் கொண்டு இலாபத்தை விளக்குவது சுற்றிச் சுற்றி வருவதாகும் என்பது அவர் வாதம். அதற்கு முழுமையான விடை இன்றும் இல்லை. ஆகவே ஒற்றை மொத்தத்தைவிட, சொத்து வகைவாரியான விவரமே நம்பத்தக்கது.

அந்த விவரத்தைத் திரட்ட இந்தியாவில் பதிவுபெற்ற ஆலைகளுக்கு ஆண்டுத் தொழில் ஆய்வு இருக்கிறது, நிறுவனங்களுக்கு ஆண்டறிக்கை இருக்கிறது. வீட்டோடு நடக்கும் பட்டறைகள், கடைகள், விவசாயக் குடும்பங்கள் ஆகியவற்றின் சொத்துக்கோ அனைத்திந்தியக் கடன் மற்றும் முதலீட்டு ஆய்வையே பெரிதும் நம்ப வேண்டியுள்ளது. அதன் அண்மைச் சுற்றுகள் 2013-லும் 2019-லும் நடந்தன. தென்கொரியா 1968, 1977, 1987, 1997 ஆகிய ஆண்டுகளில் தேசியச் செல்வக் கணக்கெடுப்பு நடத்தித் தன் அனுமானங்களை நேரில் சரிபார்த்தது. சிறுதொழில் இவ்வளவு பரந்துள்ள இந்தியாவுக்கு அப்படியொரு கணக்கெடுப்பு அவசியம் தேவை.