சதையிப் புற்றும் தணிக்கப்படாத நோவும்

மானிப்பாயில் 1848 ஆம் ஆண்டு வைத்தியத் தொண்டு தொடங்கிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீனை, தமிழில் மருத்துவம் கற்பித்தவர் என்று புகழ்வதோடு நம்மவர் நின்றுவிடுகின்றனர். ஏன் தமிழிற் கற்பித்தார் என்று ஆராய்வோர் சிலரே. ஆங்கிலத்திற் பயின்றோர் அரசாங்க உத்தியோகம் நாடிக் கிராமங்களைக் கைவிட்டனர். தமிழிற் பயின்றோர் ஊரிலேயே தங்குவர் என அவர் கணக்கிட்டார். 1873 இல் அவர் தாயகம் திரும்பியபோது 60க்கு மேற்பட்டோர் அவரிடம் பயிற்சி பெற்றிருந்தனர். நோயாளியின் வாசலுக்கு மருத்துவம் வரவேண்டும் என்ற அக்கொள்கை, மாறாப் பிணியாளரின் இறுதிக்காலப் பராமரிப்பைப் பற்றி எண்ணும்போது நமக்குத் தவிர்க்கவியலாதபடி நினைவுக்கு வருகிறது.

சதையி (தமிழகத்தார் கணையம் என்பர்) இரைப்பைக்குப் பின்னே மறைந்து கிடக்கும் உறுப்பு. அதிற் தோன்றும் புற்று வெளிப்படும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது. அலன் விப்பிள் 1935 இல் விவரித்த பெருஞ் சத்திரசிகிச்சை இன்றும் சிறுபான்மையோர்க்கே பயன்படுகிறது. மற்றையோர் கதி என்ன? வயிற்றிலிருந்து முதுகிற் பாயும் நோவு. மல்லாந்து படுத்தாற் கூடும், முன்குனிந்தாற் சற்றே தணியும். பித்தக்குழாய் அடைபட்டு மஞ்சட்காமாலையும் உறக்கங் கெடுக்கும் சொறிவும் வரும். உண்ட கொழுப்புச் செரியாது உடல் உருகும். “இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை” என்று கைவிரிப்பது எளிது. ஆனால் அது உண்மையன்று. அடைபட்ட குழாயிற் சிறு குழலொன்றைப் பொருத்தினாற் சொறிவு தணியும். உணவோடு நொதியக் குளிசை கொடுத்தாற் செரிமானம் சீர்ப்படும். வயிற்றின் நரம்புப் பின்னலை ஊசிமருந்தால் மரக்கச் செய்யும் வழியும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக மோர்பின் இருக்கிறது.

அபினிலிருந்து பெறப்படும் இம்மருந்தை இலங்கையில் 1929 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் கட்டுப்படுத்தியது. அபின் வணிகத்துக்காகச் சீனாவின்மீது போர் தொடுத்த ஏகாதிபத்தியமே தன் குடியேற்ற நாட்டில் அபினுக்குச் சட்டம் வகுத்த விந்தையை என்னென்பது! கட்டுப்பாடு வேண்டியதே. ஆயினும் சட்டத்தின் அச்சம் மருத்துவர் நெஞ்சிலும் உறவினர் நெஞ்சிலும் ஒருசேரக் குடிகொண்டால், இடையிற் கிடந்து துடிப்பவன் நோயாளியே. 1967 இல் இலண்டனில் சென் கிறிஸ்தோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சோண்டர்ஸ், நோவு எழுமுன்பே மணிதவறாது மருந்து கொடுக்கவேண்டும் என்று காட்டினார். உலக சுகாதார நிறுவனம் 1986 இல் அதனை விதிமுறையாக்கியது. ஆனால் மருந்து எங்கே? உலகெங்கும் ஆண்டுதோறும் விநியோகமாகும் மோர்பின் அளவிலான 298.5 தொன் நோவுநீக்கிகளில் மிக வறிய நாடுகளுக்குச் சேர்வது 0.1 தொன் மாத்திரமே என 2017 இல் லான்செட் ஆணைக்குழு கணக்கிட்டது. நோவிலும் வர்க்கம் உண்டு.

யாழ்ப்பாணத்தின் துயரம் இதனினும் கொடிது. 1990 முதல் குடாநாட்டின்மீது விழுந்த தடை எரிபொருளையும் மருந்துகள் பலவற்றையும் அருகச் செய்தது. 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மீண்டும் மூடப்பட்டது. நாட்டின் தலைமைப் புற்றுநோய் வைத்தியசாலையோ சுமார் 400 கிலோமீற்றருக்கப்பால் மகரகமவில். வெடித்த குண்டுகளுக்குக் கணக்கிருக்கலாம்; மருந்தின்றி முனகிக் கழிந்த இரவுகளை எவர் எண்ணினார்? 2011 இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள்களில் 670 கிலோமீற்றர் நடந்து, தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காக நிதி திரட்டினர். தெற்கு வடக்கை நோக்கி நடந்தது பெருமைக்குரியது. எனினும் அரசு கட்டவேண்டியதை மக்களின் பாதங்கள் கட்ட நேர்ந்ததையும் நாம் மறத்தலாகாது.

கட்டடத்துக்கு வெளியேதான் பெரும்பகுதி நிகழ்கிறது. உடம்பு துடைப்பதும் புரட்டிக் கிடத்துவதும் கஞ்சி ஊட்டுவதும் வீட்டுப் பெண்களின் தலையில் விழும் கூலியற்ற உழைப்பு. நோயின் பெயரை நோயாளிக்கு மறைக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. ஊர் முழுதும் அறிந்ததை அவன் ஒருவனே அறியான்! 1993 இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்புச் சங்கம் இவ்விரண்டையும் எதிர்கொண்டது. அங்கிருந்து கேரளமெங்கும் பரவிய இயக்கத்தில் தாதியர் வீடுவீடாகச் செல்கின்றனர். அயலவர் பயிற்சிபெற்று முறைவைத்து உதவுகின்றனர். 2008 இல் மாநில அரசு இதனைத் தன் கொள்கையாக ஏற்றது. அத்தொண்டர்களுட் பெரும்பாலோர் மருத்துவர் அல்லர். கல்லூரி மாணவரும் அவர்களுள் உளர்.