பள்ளிக்குப் புறத்தே ஆசான்கள்: சேலம் நாமக்கல் சமவெளிக் கல்வி வரலாற்றில் ஒரு பக்கம்

மாணவன் ஒருவன் ஆசிரியரிடமிருந்து பெறும் புலமை நான்கில் ஒரு பங்கே என்பது பவணந்தி முனிவரின் கணக்கு. உடன் பயில்வாரோடு கூடிப் பழகுவதால் மற்றொரு கால்பங்கு வாய்க்கும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே கைகூடும். நன்னூலின் பொதுப்பாயிரம் இவ்வாறு வகுத்துரைக்கிறது. 13ஆம் நூற்றாண்டினரான அவரைக் கொங்கு நாட்டோடு இணைத்துப் பேசுவது அறிஞர் வழக்கு. பள்ளிக்கூடமும் பாடநூலும் அரசின் பொறுப்பாவதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே, கல்வி ஆசான் ஒருவரோடு முடிந்துவிடுவதன்று என்பதைத் தமிழ் மரபு உணர்ந்திருந்தது. ஊதியப் பட்டியலில் இடம்பெறாத ஒருவர் பிள்ளைகளைக் கூட்டிவைத்து எண்ணும் எழுத்தும் சொல்லித்தரும் வழக்கம் நம்மிடையே பழையது. அத்தகையோரின் பணி சேலம் நாமக்கல் சமவெளியில் எவ்வெவ் வடிவங்களில் நிகழ்ந்தது என்பதையும், அதனைச் சுற்றி எழுந்த ஒரு பெரும் பூசலையும் எண்ணிப் பார்ப்பது பயனுடையது.

நெசவுக்கும் மாங்கனிக்கும் பெயர்பெற்ற இச்சமவெளி, 1997 சனவரி முதல் நாள் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரியும்வரை ஒரே மாவட்டமாக இருந்தது. தமிழகத்தின் பிற பகுதிகளைப் போலவே இங்கும் பழைய கல்வி திண்ணையில்தான் நிகழ்ந்தது. ஓர் ஊருக்கு ஒரு கணக்காயர். அவர்க்குரிய கூலி தவசமாகவோ சிறு காசாகவோ வந்து சேரும். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். பல வயதுப் பிள்ளைகளை ஒருவரே ஒரு திண்ணையில் வைத்துப் பயிற்றுதல் அரிது. ஆகவே மூத்த மாணவன் சட்டாம்பிள்ளை ஆவான். அதட்டி அடக்குபவன் என்ற பொருள் இன்று அச்சொல்லின்மேல் ஏறிவிட்டது. உண்மையில் இளையோர்க்கு அவனே முதல் ஆசான்.

இம்முறை கடல்கடந்த கதை சுவையானது. சென்னை எழும்பூரில் படைவீரர்தம் ஆண்பிள்ளைகளுக்காக நடைபெற்ற ஆதரவற்றோர் இல்லத்தின் பொறுப்பை 1789இல் ஏற்றவர் ஆண்டுரு பெல் என்னும் பாதிரியார். நம் நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்ட அவர், அதனைத் தம் பள்ளியிலும் புகுத்த முனைந்தார். ஆசிரியர்கள் உடன்படவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு இளையோர்க்குக் கற்பித்தார், வெற்றி கண்டார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூல், 'சென்னை முறை' என்னும் பெயரால் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் இம்முறை பரவ வழிவகுத்தது. அந்தச் சிறுவனின் பெயர் சான் பிரிஸ்கன் என்பதைப் பெல் மறவாமல் பதிவு செய்தார். நம் திண்ணைகளின் சட்டாம்பிள்ளைகளுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை.

திண்ணைக் கல்வியைக் கணக்கெடுத்தவரும் இம்மண்ணை நன்கறிந்தவரே. 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பாராமகாலும் சேலமும் கும்பினியார் கைக்கு வந்தபோது, அலெக்சாந்தர் ரீடின் கீழ் உதவியாளராக 1799வரை இங்குப் பணிபுரிந்தவர் தாமசு மன்றோ. பின்னாளில் சென்னை ஆளுநரான அவர், 1822இல் மாவட்டந்தோறும் பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தின் மக்கள்தொகை 1,28,50,941, பள்ளிகள் 12,498. இவ்வெண்களைப் பலரும் எடுத்துக்காட்டுவர். அதே குறிப்பில் உள்ள மற்றொரு செய்தியைக் காண்போர் குறைவு. சென்னை நகரில் பள்ளிக்குச் சென்றோரைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கினர் வீட்டிலேயே உறவினரிடமோ தனி ஆசானிடமோ கற்றனர் என்று அங்குக் கணக்கு வந்தது. அவ்வெண்ணில் பிழையிருக்கலாம் என்று மன்றோவே ஐயுற்றார். பிழையைக் கழித்தாலும், கல்வியின் பெரும்பகுதி பள்ளி என்னும் எல்லைக்கு வெளியே நிகழ்ந்தது தெளிவு.

ஆயினும் இந்தப் பழமையை எண்ணி மகிழ்ந்து அமைவதற்கில்லை. அத்திண்ணைகளில் பெண்பிள்ளைகள் மிக அரிதாகவே அமர்ந்தனர். தாழ்த்தப்பட்டோர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அத்திண்ணை எட்டாத் தொலைவில் இருந்தது. வீட்டில் கற்பித்தல் என்பதும் கற்ற பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தால்தானே இயலும்? யாருக்கு ஆசான் வாய்க்கிறான் என்பதைப் பிறப்பே முடிவுசெய்தது. பின்வந்த பூசலின் வேர் இங்கேதான் உள்ளது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கற்ற பெரியவர்கள் தம் தொழிலுக்கு அப்பால் கல்விப்பணியில் இறங்கியதைச் சேலத்தில் காண்கிறோம். 1900இல் இந்நகரில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கிய இராசாசியும் நண்பர்களும் 1916இல் தமிழ் அறிவியற் சொற்களை ஆக்குவதற்கென ஒரு கழகம் நிறுவி இதழும் நடத்தினர். இயற்பியலையும் வேதியியலையும் தமிழிற் கற்பிக்க இயலாது என்ற கூற்றுக்கு, ஆசிரியர் அல்லாத ஒருவர் முன்னின்று அளித்த விடை அது. பின்னர் அவர் எழுதிய அறிவியல் நூலுக்குத் 'திண்ணை ரசாயனம்' என்று பெயரிட்டமை தற்செயலானதன்று. 1925 பிப்ரவரி 6ஆம் நாள் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தோன்றியது. கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு என்பன அதன் பணிகள். எழுத்தாளர் கல்கி அங்குத் தங்கி 'விமோசனம்' இதழின் பணியில் துணைநின்றதும் இக்காலத்தேதான்.

அதே இராசாசிதான் 1953இல், சென்னை மாநில முதலமைச்சராக இருந்தபோது, தமிழகக் கல்வி வரலாற்றின் மிகப் பெரிய கொந்தளிப்புக்குக் காரணமானார். 1953 சூன் திங்களில் சிற்றூர்களின் தொடக்கப் பள்ளிகளில் ஒரு புதிய திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒன்று முதல் ஐந்து வகுப்புவரை பயிலும் பிள்ளைகளுக்குப் பள்ளி நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே. காலையில் ஒரு சாரார், பிற்பகலில் மறுசாரார். எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் தம் பெற்றோரிடமோ ஊர்க் கைவினைஞரிடமோ தொழில் பழகவேண்டும். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத நிலையில், இருக்கும் கட்டடத்திலேயே இருமடங்கு பிள்ளைகளுக்கு இடமளிக்கலாம் என்பது அவரது கணக்கு. உழைப்பின் மதிப்பைப் பிள்ளைகள் உணர்வர் என்பது அவர் எடுத்துரைத்த மற்றொரு காரணம்.

ஏட்டளவில் இது பள்ளிக்கு வெளியே உள்ள பெரியவர்களைக் கல்வியில் ஈடுபடுத்தும் திட்டமே. நடைமுறையில் அதன் பொருள் என்ன? இளம்பிள்ளையிலோ சலகண்டபுரத்திலோ ஒரு நெசவாளியின் மகன் மூன்று மணி நேரம் எழுத்துப் படித்துவிட்டு, எஞ்சிய பொழுதெல்லாம் தார் சுற்றவேண்டும். செருப்புத் தைப்பவர் மகன் தோலை அறுக்கவேண்டும். கற்ற குடும்பத்துப் பிள்ளையோ வீட்டுக்குப் போனாலும் ஏட்டைத்தான் எடுப்பான். பள்ளி ஒன்றே அளிக்கக்கூடிய சமவாய்ப்பைப் பாதியாகக் குறைத்து, மறுபாதியைப் பிறப்பின் கையில் ஒப்படைத்த திட்டம் அது. 'குலக்கல்வித் திட்டம்' என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதற்கு இட்ட பெயர் நிலைத்துவிட்டது. அப்பெயரில் இருந்த நியாயத்தை மறுப்பது கடினம். 1944 ஆகத்து 27இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது சேலத்து மாநாட்டில்தான். சேலத்தில் வழக்காடிப் புகழ்பெற்றவரின் திட்டத்தைச் சேலத்தில் பெயர்பூண்ட இயக்கம் எதிர்த்து நின்றமை வரலாற்றின் விந்தை. 1954 ஏப்ரலில் இராசாசி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் மே திங்களிலேயே அத்திட்டத்தைக் கைவிட்டார்.

இப்பூசலிலிருந்து ஓர் அளவுகோலைப் பெறலாம். ஆசிரியர் அல்லாத பெரியவர் ஒருவர் பிள்ளையின் கையைப் பிடிக்கும்போது, அவர் அப்பிள்ளையைப் பள்ளியை நோக்கி நடத்துகிறாரா, பள்ளியிலிருந்து விலக்கி நடத்துகிறாரா என்பதே கேள்வி. நல்ல நோக்கம் மட்டும் போதாது என்பதற்கு 1953 சான்று.

காமராசர் காலத்தில் ஊரார் பள்ளியை நோக்கித் திரும்பினர். 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்திலும், 1958 முதல் பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளிலும் பொதுமக்கள் பொருளாகவும் உழைப்பாகவும் தந்தது பெரிது. அது கட்டடமும் சோறும் தந்த தொண்டு. எழுத்தறிவித்த தொண்டு அடுத்த தலைமுறையில் வந்தது. 1990களின் அறிவொளி இயக்கத்தில் புதுக்கோட்டை முதலிய மாவட்டங்களில் இளைஞர்கள், சிறப்பாகப் பெண்கள், மாலைதோறும் முதியோர்க்கு எழுத்தறிவித்தனர். ஊதியமின்றிக் கற்பிக்க ஆயிரக்கணக்கானோர் முன்வருவர் என்பதை அவ்வியக்கம் மெய்ப்பித்தது. பின்னர் எழுந்த முயற்சிகள் அந்த நம்பிக்கையின்மேல் நின்றன.

இதே காலத்தில் இச்சமவெளியில் வேறொரு கல்வி வளர்ந்தது. முட்டைக்கும் சரக்குந்துக் கூண்டு கட்டுதலுக்கும் ஆழ்துளைக் கிணற்று வண்டிகளுக்கும் பெயர்பெற்ற நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்கள், விடுதியோடு கூடிய தனியார் பள்ளிகளுக்கும் பெயர்பெற்றன. மருத்துவம், பொறியியல் இடங்களை எண்ணித் தமிழகமெங்கும் இருந்து பெற்றோர் தம் மக்களை இங்குக் கொண்டுவந்து விட்டனர். விடியலுக்கு முன் எழுந்து இரவு வரை தேர்வெழுதும் அம்மாணவர்களைப் பார்த்து 'பிராய்லர் பள்ளிகள்' என்று மக்கள் கோழிப்பண்ணை உவமை கூறினர். மேனிலை முதலாமாண்டுப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டாமாண்டுப் பாடத்தையே ஈராண்டும் நடத்தும் வழக்கம் பல தனியார் பள்ளிகளில் பரவியது. 2017-18ஆம் கல்வியாண்டில் முதலாமாண்டுக்கும் பொதுத்தேர்வு வந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். மதிப்பெண்ணுக்கு விலை குறிக்கப்பட்ட அதே ஊர்களில், விலை கொடுக்க இயலாத விசைத்தறித் தொழிலாளியின் மகளும், வெள்ளிக் கொலுசுப் பட்டறைத் தொழிலாளியின் மகனும், சவ்வரிசி ஆலையில் கூலிபெறுவோர் பிள்ளைகளும் இருந்தனர். 2011 மக்கள்தொகைக் கணக்கில் மாநில எழுத்தறிவு 80 விழுக்காடாக இருந்தபோது சேலம் மாவட்டத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 73 விழுக்காடே.

2020 மார்ச்சில் கொரோனா பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை பயில்வோர் மீண்டும் வகுப்பறைக்குள் நுழைந்தது 2021 நவம்பர் முதல் நாளன்றுதான். கைப்பேசியும் இணையமும் உள்ள வீட்டில் பாடம் தொடர்ந்தது. தறி ஓடும் வீட்டில் தார் சுற்றும் கை ஒன்று கூடியது. மன்றோ காலத்து நிலை மறுபடியும் வந்துவிட்டது போலிருந்தது: வீட்டில் கற்றவர் இருந்தால் கல்வி, இல்லையேல் இல்லை.

இதனை மாற்றவே 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தைத் தமிழக அரசு 2021 அக்டோபர் 27இல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கியது. முதலில் 12 மாவட்டங்களில் நடைபெற்றுப் பின்னர் மாநிலமெங்கும் பரவிச் சேலத்தையும் நாமக்கல்லையும் அடைந்தது. பிள்ளைகளின் குடியிருப்பிலேயே, மாலை 5 மணி முதல் 7 மணிக்குள், ஏறத்தாழ 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர். தொடக்க வகுப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியும் உயர்வகுப்புகளுக்குப் பட்டமும் தகுதி. ஊக்கத்தொகை திங்களுக்கு 1,000 ரூபாய். இரண்டு இலக்கம் அளவினர் பணியேற்றனர். அவருள் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

பெண்கள் என்பதைச் சேலத்தில் வைத்துச் சொல்லும்போது அதற்குத் தனிப்பொருள் உண்டு. பெண்சிசுக் கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கப்பட்டது இந்த மாவட்டத்தில்தான். அந்தத் தலைமுறையில் பிறந்து, பிழைத்து, பட்டம் வரை படித்து, மணமாகி வீட்டோடு அமைந்த பெண்களுக்கு அவ்வூக்கத்தொகை சிறிதே. தெருப்பிள்ளைகள் வாய்நிறைய 'டீச்சர்' என்று அழைத்ததோ வேறு வகையில் வாய்க்காத மதிப்பு. பிறர்க்கு உரைப்பதால் புலமை நிறையும் என்ற நன்னூல் நெறியை இவர்களிடம் பொருத்திப் பார்க்கலாம். கற்றதைக் கற்பிக்க வழியின்றிக் கிடந்த கல்வி மீண்டும் வழக்குக்கு வந்தது.

பயன் விளைந்ததா? கார்த்திக் முரளிதரன் முதலிய பொருளியலறிஞர்கள் தமிழகச் சிற்றூர்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளிடம் ஆய்வு நடத்தினர். 2021 இறுதியில் தமிழைவிடக் கணக்கில் இழப்பு இருமடங்காக இருந்தது. பள்ளி திறந்த ஆறு திங்களில் இழப்பின் மூன்றில் இரு பங்கு ஈடுசெய்யப்பட்டது. அம்மீட்பில் ஏறத்தாழ கால்பங்கு இம்மாலை வகுப்புகளால் விளைந்தது. எளிய குடும்பத்துப் பிள்ளைகளே அவற்றுக்கு மிகுதியாக வந்தனர். பவணந்தியாரின் கால்பங்கும் இக்கால்பங்கும் ஒன்றல்ல எனினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. மீட்பின் பெரும்பகுதி பள்ளி திறந்ததால் வந்தது என்பதையும் மறத்தலாகாது.

ஐயங்களும் எழுந்தன. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பள்ளிப்பணியில் தன்னார்வலரை ஈடுபடுத்துவது பற்றிப் பேசியிருந்தமையால், இத்திட்டம் அக்கொள்கைக்குப் பின்வாயில் ஆகுமோ, நிலையான ஆசிரியர் இடத்தைக் குறைந்த ஊதியத் தொண்டர் பிடிப்பரோ என்று கல்வியாளர் வினவினர். 1953ஐ நினைவில் வைத்திருக்கும் நாட்டில் இவ்வினா எழாதிருந்தால்தான் வியப்பு. முன்னைய அளவுகோலை வைத்துப் பார்த்தால், இம்மாலை வகுப்பு பள்ளி நேரத்தைக் குறைக்கவில்லை. தறிக்கும் பட்டறைக்கும் போகக்கூடிய இரண்டு மணி நேரத்தையே பாடத்துக்கு மீட்டது. இவ்வகையில் இது 1953இன் மறுதலையே. ஆனால் ஆசிரியர் பணியிடம் நிரப்பப்படாத பள்ளியில் தன்னார்வலர் ஒருவரைக் காட்டி அரசு ஆறுதல் கூறுமாயின் அந்நாளே இம்மதிப்பீடு மாறிவிடும்.

ஆறு திங்களுக்கென வகுக்கப்பட்ட திட்டம் நீட்டிக்கப்பட்டு, பின்னர் மையங்கள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. சேலத்திலும் நாமக்கல்லிலும் மாலைப் பொழுதில் பாடம் சொன்ன பெண்களின் பெயர்கள் இன்னும் ஊராரின் நினைவில் உள்ளன. இலக்கிய வட்டங்கள் தத்தம் ஊரில் அவர்களைத் தேடிச் சென்று, எந்தப் பிள்ளைகளுக்கு, எந்த வாசலில், எதைக் கற்பித்தனர் என்று எழுதிவைக்க இதுவே தக்க காலம்.