கை கழுவிய பிலாத்துவும் பழி சுமந்த மக்களும்

மாளிகாவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை நடந்து செல்லக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது. அந்தச் சிறு தொலைவுக்குள் பள்ளிவாசலையும் விகாரையையும் கோவிலையும் தேவாலயத்தையும் நாம் கடந்து விடுகிறோம். ஒரு பக்கத்தில் 1873ஆம் ஆண்டு மாளிகாகந்தையில் நிறுவப்பட்ட வித்தியோதயப் பிரிவெனா. மறு பக்கத்தில் சென். லூசியாஸ் பேராலயம், இடையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் முஸ்லிம் மக்களின் நெருக்கமான குடியிருப்புகள். இத்தகைய சூழலில் வாழும் நமக்கு, ஒரு மதத்தின் புனித வரலாறு எவ்வாறு சொல்லப்படுகிறது என்பது அம்மதத்தவரின் சொந்த விடயம் மாத்திரமன்று. அயல்வீட்டானின் அமைதியும் அதனோடு பிணைந்திருக்கிறது. இந்த நோக்கிலேயே, 2004ஆம் ஆண்டு உலகெங்கும் கருத்து மோதலை எழுப்பிய ஒரு திரைப்படத்தை இங்கே ஆராய முற்படுகிறோம்.

மெல் கிப்சன் நெறியாண்ட 'த பஷன் ஒஃப் த கிறைஸ்ட்' என்னும் படம் அவ்வாண்டு பெப்ரவரி 25ஆம் திகதி, விபூதிப் புதனன்று, அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. யேசுவின் இறுதிப் பன்னிரண்டு மணி நேரத்தைக் கூறும் அப்படத்தின் மாந்தர் அரமேயத்திலும் எபிரேயத்திலும் இலத்தீனிலும் பேசினர். ஏறத்தாழ மூன்று கோடி டொலர் செலவில் உருவான அது அறுபது கோடி டொலருக்கு மேல் ஈட்டியது. குருமாரும் போதகரும் விசுவாசிகளைத் திரளாக அழைத்துச் சென்று காட்டினர். கண்ணீர் மல்க வெளியே வந்தவர்கள் அதை ஒரு வழிபாடாகவே கருதினர். மறுபுறத்தில் யூத நிறுவனங்களும் கிறிஸ்தவ வேதநூல் அறிஞர் பலரும் படம் வெளிவருமுன்னரே எச்சரிக்கை விடுத்தனர்: இது பழைய பகையொன்றை மீண்டும் மூட்டும் என்றனர்.

முஸ்லிம் நாடுகளிலும் ஒருமுகமான கருத்து இருக்கவில்லை. ஈசா நபி கொல்லப்படவுமில்லை, சிலுவையில் அறையப்படவுமில்லை என்பது அல்குர்ஆனின் கூற்று. நபிமாரை உருவப்படுத்துவதையும் இஸ்லாமிய மரபு ஏற்பதில்லை. ஆகவே குவைத்தும் பஹ்ரைனும் படத்தைத் தடுத்தன. மலேசியா கிறிஸ்தவர்கள் மட்டும் பார்க்கலாம் என விதித்தது. ஆயினும் எகிப்திலும் கத்தாரிலும் அது திரையிடப்பட்டது. யூதர்மீது குற்றம் சுமத்துகிறது என்ற ஒரே காரணத்துக்காக அதனை வரவேற்றவர்களும் இருந்தனர். தமது நம்பிக்கைக்கு நேர்மாறான ஒரு கதையை, பொதுப் பகைவன் ஒருவனைக் காட்டுகிறது என்பதற்காக ஏற்றுக்கொள்ளும் இந்த விந்தையை நாம் கருத்திற் கொள்ளவேண்டும்.

அப்படத்தைக் கண்டு அழுத எளிய மக்களை நாம் ஏளனம் செய்வதற்கில்லை. அடிபட்டும் அவமதிக்கப்பட்டும் வாழும் மனிதன், அடிபட்ட ஒருவனைத் தெய்வமாகக் கண்டு ஆறுதல் பெறுவது இயல்பே. ஆனால் படத்தை ஆக்கியோன் எதைச் சொன்னான், எதை மறைத்தான் என்று கேட்பது வரலாற்று மாணவனின் கடமையாகும். யேசு கசையடி பட்டதைச் சுவிசேஷங்கள் ஓரிரு சொற்களிற் கூறிக் கடந்து செல்கின்றன. படமோ அதனை நீண்ட காட்சியாக்கி, சதை கிழிவதைப் பலமுறை காட்டுகிறது. சுவிசேஷங்களில் இல்லாத பல செய்திகள், ஜெர்மனியக் கன்னியான அன்னா கத்தரீனா எம்மரிக்கின் தரிசனங்கள் என்று 1833இல் கவிஞர் பிரெந்தானோ வெளியிட்ட நூலிலிருந்து எடுக்கப்பட்டவை.

இவற்றினும் பெரிய திரிபு பிலாத்துவைப் பற்றியது. படத்தில் அவன் மனம் நொந்த நல்ல அதிகாரி; இரத்தப்பலி கேட்டு ஆர்ப்பரிப்பது யூத மக்கட் கூட்டம். வரலாறு காட்டும் பிலாத்து வேறொருவன். கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை அடக்கியாண்ட உரோம ஆளுநன் அவன். ஆலய நிதியை எடுத்து நீர்க்கால்வாய் அமைத்ததை மக்கள் எதிர்த்தபோது, மாற்றுடை அணிந்த படைவீரரைக் கூட்டத்தினுள் நிறுத்தித் தடிகளால் தாக்கிப் பலரைச் சாகடித்தான் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதி வைத்துள்ளார். சிலுவையும் உரோம ஏகாதிபத்தியத்தின் கருவியே. அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் உரிய தண்டனை அது. ஸ்பார்த்தக்கசின் எழுச்சி முறியடிக்கப்பட்ட கி.மு. 71இல் ஆறாயிரம் அடிமைகள் அப்பியன் நெடுஞ்சாலை ஓரத்திற் சிலுவைகளில் தொங்கினர். அத்தகைய அரசின் ஆளுநன் கைகளைக் கழுவிக்கொண்டு நிரபராதியாகிறான். அடிமைப்பட்ட மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குற்றவாளிகளாகின்றனர்.

இந்தத் திரிபின் விலையை ஐரோப்பா இரத்தத்தால் செலுத்தியது. இடைக்காலத்தில் பாடுகளின் வாரம் வரும்போதெல்லாம் யூதர் கதவடைத்து அஞ்சியிருந்தனர். 1903ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று, சார் ஆட்சிக்குட்பட்ட கிஷினேவ் நகரில் தொடங்கிய வெறியாட்டத்தில் நாற்பத்தொன்பது யூதர் கொல்லப்பட்டனர். ஜெர்மனியின் ஓபரம்மர்காவ் கிராமத்தில் 1634 முதல் நடைபெற்றுவரும் பாடுகளின் நாடகத்தை ஹிட்லர் 1930இலும் 1934இலும் பார்த்துப் பாராட்டினான். அவனது கொலைக்கூடங்களுக்குப் பின்னரே திருச்சபை விழித்தது. யேசுவின் மரணத்துக்கு யூத மக்கள் அனைவரையும் பொறுப்பாக்க முடியாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 ஒக்டோபர் 28ஆம் திகதி அறிக்கையிட்டது. கிப்சனின் படத்திலோ, இரத்தப்பழியை மக்கள் தம்மீதும் தம் பிள்ளைகள் மீதும் ஏற்கும் மத்தேயுவின் வசனம் துணையெழுத்தில் நீக்கப்பட்டும் அரமேய ஒலியில் நிலைத்திருந்தது.

இதே கதையை வேறு விதமாகச் சொல்ல முடியாதா? முடியும். இத்தாலிய மார்க்சியரும் கடவுள் நம்பிக்கை அற்றவருமான பசோலினி 1964இல் மத்தேயுவின் சுவிசேஷத்தைப் படமாக்கினார். தென்னித்தாலியின் வறண்ட மண்ணில், தொழில்முறை நடிகரல்லாத எளியோரைக் கொண்டு அதனை உருவாக்கினார். முதுமையுற்ற மரியாளாக அவருடைய தாயே நடித்தார். அதிகாரத்தைச் சாடும் யேசுவின் சொற்களே அதில் ஓங்கி ஒலிக்கின்றன. கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பும் அப்படத்துக்குப் பரிசளித்தது.

நமது மரபும் இவ்விடயத்தில் வறியதன்று. 1705இல் இலங்கை வந்த கோவைக் குருவான யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இயற்றிய வியாகுலப் பிரசங்கம், தவக்காலத்தில் தமிழ்க் கத்தோலிக்கரின் ஒப்பாரியாக வழங்கி வந்தது. பேசாலையில் ஆளுயரச் சுரூபங்களை இயக்கி நிகழ்த்திய உடக்குப்பாசும், நீர்கொழும்பை அடுத்த துவ தீவின் பாஸ்கு நாடகமும் மீனவ மக்களின் கலைகள். தமிழகத்தில் 1905ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளிச் சாமிக்கண்ணு வின்சென்ட் ஊர் ஊராகக் கொண்டு சென்ற முதற் சலனப்படங்களிலும் யேசுவின் வாழ்க்கை இடம்பெற்றது. இந்த மரபின் உயிர்நாடி தாயின் புலம்பலாகும். மகனை இழந்த தாயின் துயரத்துக்கு முன்னால் கூடியிருப்போர் அனைவரும் உறவினராகி விடுகின்றனர்.

எனினும் மரபு மட்டும் மக்களைக் காத்துவிடாது என்பதற்கு நமது கொட்டாஞ்சேனையே சான்று. 1883 மார்ச் 25ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு. மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் தீபதுத்தாராம விகாரையில் விழா நடந்துகொண்டிருந்தது. அவ்விகாரையை நோக்கி வந்த பௌத்த ஊர்வலத்தில் கிறிஸ்தவத்தை இழிவு செய்யும் உருவங்கள் கொண்டுவரப்படுகின்றன என்ற வதந்தி பரவியது. கத்தோலிக்கர் திரண்டு தாக்கினர். ஓர் உயிர் பலியாயிற்று, பலர் காயமுற்றனர். ஊர்வலத்துக்கு அனுமதி அளித்த பிரித்தானிய அரசு விசாரணைக் குழுவொன்றை அமைத்தது. பின்னர் குற்றவாளிகளைத் தண்டிக்கப் போதிய சான்றில்லை எனக் கூறி வாளாவிருந்தது. பௌத்தரின் குறைகளை எடுத்துரைக்க ஒல்கொட் 1884இல் இலண்டன் சென்றார். 1885இல் வெசாக் பொது விடுமுறையாயிற்று. சமயச் சலுகைகளால் மக்களைப் பிரித்தாண்ட ஆட்சி தன் கைகளைக் கழுவிக்கொண்டது. இரு சாராரின் மனங்களில் பழி மிஞ்சியது.

நூற்று முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்து மற்றோர் உயிர்த்த ஞாயிறு வந்தது. 2019 ஏப்ரில் 21ஆம் திகதி கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், கட்டுவப்பிட்டியிலும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. இருநூற்று அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். செய்தோர் மதவெறி கொண்ட ஒரு சிறு குழுவினர். அடுத்த மாதமே வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். கடை வைத்திருந்த தையற்காரனும், மூட்டை சுமந்த நாட்டாமையும் அந்தக் குருதிக்குப் பொறுப்பாளிகள் ஆக்கப்பட்டனர். அன்று யூதருக்கு நேர்ந்த அநீதியே இன்று மறு பெயரில் நமது தெருவுக்கு வந்தது.

அதே வேளையில், தாக்குதல் பற்றிய முன்னெச்சரிக்கைகள் அதிகாரிகளின் மேசைகளில் கிடந்தன என்பது பின்னர் வெளியாயிற்று. முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏனைய பொறுப்பதிகாரிகள் சிலருக்கும் இழப்பீடு விதிக்கப்பட்டது. கழுவிய கைகளைச் சட்டம் மீண்டும் நீட்டச் செய்த அரிய தருணம் அது.

ஆகவே ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் சொல்ல விரும்புவது இதுதான். துன்பத்தின் கதையை எந்த மதமும் எந்தக் கலையும் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் அக்கதை முடியும்போது பழி யார்மீது வைக்கப்படுகிறது என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். ஓர் இனத்தின்மீது வைக்கப்படுமாயின், அரியணையில் இருப்பவன் எங்கோ கை கழுவிக்கொண்டிருக்கிறான் என்று அறிந்துகொள்ளுங்கள். மாளிகாவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குச் செல்லும் வீதியில் எல்லா மதத்துத் தாய்மாரும் அச்சமின்றி நடக்க வேண்டுமாயின், இந்தக் கேள்வியை நமது வகுப்பறைகளில் பயிற்றத் தொடங்குவோம்.