கோணேசர் கல்வெட்டின் திங்கட்கிழமை: 187,050 என்னும் நாளெண் பற்றி

திருகோணமலைக் கோயிலின் திருப்பணி மரபைக் கூறும் கோணேசர் கல்வெட்டு, கவிராச வரோதயர் பாடியதாக வழங்கும் செய்யுள் நூல். அம்மரபு கூறும் மன்னன் குளக்கோட்டனின் திருப்பணிக்கு அது தரும் காலம்: கலி பிறந்து 512 ஆண்டு சென்றபின், இடப மாதம் பத்தாந் தேதி, திங்கட்கிழமை. ஆண்டைக் கி.மு. 2590 எனக் கொண்டு ஏற்போரும் மறுப்போரும் உண்டு. சோதித்துப் பார்க்கக்கூடியது கிழமையே.

ஆரியபட மரபில் 4,320,000 ஆண்டு கொண்ட மகாயுகத்துக்கு 1,577,917,500 நாள். இரண்டையும் 7,500ஆல் வகுத்தால் 576 ஆண்டுக்கு 210,389 நாள் என்று இவ்வளவு பெரிய எண்கள் சுருங்கிவிடுகின்றன. வாக்கிய பஞ்சாங்கத்தின் ஆண்டளவும் இதுவே. 512, 576 இரண்டையும் 64 வகுக்கும். ஆகவே 210,389ஐ எட்டால் பெருக்கி ஒன்பதால் வகுத்தாற் போதும். கிடைப்பது 187,012 நாள் 26 நாழிகை 40 விநாழிகை. இது சராசரிக் கணக்கு; சூரியன் மெய்யாக மேடத்தில் புகுவது இதற்கு 2 நாள் 8 நாழிகை 51 விநாழிகை முன்னர். அதைக் கழித்து, சித்திரையின் 30 நாள் 55 நாழிகை 32 விநாழிகையைக் கூட்டினால், இடபப் பிறப்பு 187,041ஆம் நாளில், உதயத்திலிருந்து 13 நாழிகை 21 விநாழிகையில் விழுகிறது. அத்தமனத்துக்கு முன் பிறந்தமையால் அன்றே மாதத்தின் முதல் நாள். பத்தாம் நாள் 187,050.

இதை ஏழால் வகுத்தால் மீதி 3. கலி தொடங்கிய வெள்ளியைச் சுழியமாக வைத்து எண்ணினால் மூன்று என்பது திங்கள். நூல் சொல்லும் கிழமையே வருகிறது! 512ஐ நடப்பாண்டாகக் கொண்டால் ஞாயிறு வரும்; ஆகவே 'சென்றபின்' என்பது வெறும் ஓசை நிரப்பும் சொல்லன்று.

இதனால் கி.மு. 2590 மெய்ப்படாது. இந்தியக் கல்வெட்டுகளில் கிழமை காணப்படும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றான எரண் கல்வெட்டே கி.பி. 484ஐச் சேர்ந்தது. அதற்கு மூவாயிரம் ஆண்டு முந்திய ஒரு நாளுக்குத் திங்கள் என்ற பெயர் பதிவாக வந்திருக்க முடியாது. பின்னோக்கிக் கணித்தே பெற்றிருக்க வேண்டும். சிவனுக்குரிய சோமவாரம் என்பதால் புலவர் அதனைத் தேர்ந்தார் எனலாம். அவ்வாறாயின் கணக்கும் ஒத்துப்போனது ஏழில் ஒரு வாய்ப்பு. அது புறந்தள்ளத்தக்க அளவன்று. ஆயினும், மாதமும் தேதியும் கிழமையும் சேர்ந்து நிற்கும் இவ்விடத்தில் பஞ்சாங்கம் வல்ல ஒருவரின் கை இருந்தது என்றே கருதுகிறேன். அத்தகையோர் தமிழரிடையே அருகியிருக்கவில்லை: சோழிகளை வைத்து, மனனம் செய்த எண்களால் 1825ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்த தமிழர் ஒருவரை ஜோன் வாரன் பதிவு செய்திருக்கிறார்.

எனவே 512 என்பதை வெறுங் கற்பனை என ஒதுக்குவதும் வரலாறு எனப் போற்றுவதும் ஒருங்கே தவறு. ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டுப் பதிப்போர் இத்தொடரில் பாடவேறுபாடு கண்டால், எந்த எண்ணால் வரும் நாளெண் ஏழில் மூன்று மீதி தருகிறது என்று முதலில் பார்க்கட்டும்.